கிரேச்சியோவின் வைக்கோல்

திருக்காட்சிப் பெருவிழாவுக்கு மறுநாள் காலை. நம் கோவிலில் எழுப்பியிருந்த குடிலை இளைஞர்கள் பிரித்துக்கொண்டிருந்தனர். சுரூபங்கள் துடைக்கப்பட்டுப் பெட்டிக்குள் சென்றன. சீரியல் விளக்குகள் சுருட்டி வைக்கப்பட்டன. எஞ்சியவை கோவிலின் பின்புறம் குவிந்தன. மலையாக நின்ற தெர்மோகோல் அட்டைகள், பனியெனத் தூவிய அதன் துகள்கள், பிளாஸ்டிக் புல்விரிப்பு, பளபளக்கும் தோரணங்கள், இவற்றோடு வைக்கோலும் கிடந்தது.

அவ்வேளையில், கோவிலையடுத்த தெருவில் ஒரே ஒரு பசுவை வைத்துப் பிழைக்கும் மூதாட்டி ஒருவர் வந்தார். “சாமி, அந்த வைக்கோல எனக்குக் குடுத்துடுங்க. பாலன் கெடந்த வைக்கோலு, மாட்டுக்குப் போட்டா நல்லது” என்றார். அள்ளிக் கொடுக்கப்போன உபதேசியார் தயங்கி நம்மைப் பார்த்தார். வைக்கோல் பொன்போல் மின்னவேண்டும் என்று அதன்மேல் வண்ணம் அடித்து ஜிகினாத் தூளும் தூவியிருந்தோம். “வேண்டாம்மா, மாட்டுக்கு ஆகாது” என்று சொல்லி அனுப்பினோம். மாலையில் அந்தக் குவியலுக்குத் தீ வைக்கப்பட்டது. எழுந்த கரும்புகை அம்மூதாட்டி வாழும் தெருவுக்குள்தான் சென்றது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் நாம் படித்த வரலாறு ஒன்று நெஞ்சை அறுத்தது. இன்று உலகெங்கும் நாம் அமைக்கும் குடிலுக்கு உருக்கொடுத்த அந்த முதல் இரவின் வரலாறு அது. அதிலும் வைக்கோல் உண்டு. அதைக் கேட்டு வந்த எளியவர்களும் உண்டு. ஆனால் அங்கே எவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. அவ்வரலாற்றை அன்பு வாசகர்களோடு சேர்ந்து ஒருமுறை திரும்பிப் பார்க்க விழைகிறோம்.

முதல் குடில்

கிறிஸ்து பிறப்பு விழா தொன்மையானது. கி.பி. 336ஆம் ஆண்டில் உரோமை நகரில் டிசம்பர் 25ஆம் நாளன்று இவ்விழா கொண்டாடப்பட்டதற்குச் சான்று உண்டு. நாமறிந்த குடிலோ அத்துணைப் பழமையானதன்று. அது தோன்றுவதற்குமுன் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் திருச்சபை இவ்விழாவைக் குடில் இன்றியே கொண்டாடி வந்தது.

1223ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் திருத்தந்தை மூன்றாம் ஒனோரியுஸ், அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் துறவுச் சபை ஒழுங்குகளை உறுதிசெய்தார். அதற்கு அடுத்த மாதம் பிரான்சிஸ், உரோமைக்கு வடகிழக்கே ரியேத்திப் பள்ளத்தாக்கில் மலைச்சரிவில் அமைந்த கிரேச்சியோ என்னும் சிற்றூரில் இருந்தார். விழாவுக்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன், அவ்வூரில் வாழ்ந்த யோவான் என்ற நண்பரை அழைத்தார். பெத்லகேமில் பிறந்த குழந்தை எத்தகைய குறைகளுக்கிடையே கிடந்தது என்பதைக் கண்ணாரக் காண விரும்புவதாகவும், அதற்காக ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஓர் எருதும் ஒரு கழுதையும் வேண்டுமென்றும் கூறினார். பழைய விவிலியத் தமிழில் ‘முன்னணை’ எனப்பட்டதே இத்தீவனத் தொட்டி.

விழா இரவும் வந்தது. சுற்று வட்டாரத்து ஆண்களும் பெண்களும் தங்களால் இயன்ற மெழுகுதிரிகளையும் தீப்பந்தங்களையும் ஏந்தி மலையேறினர். தொட்டியின்மீது திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. திருத்தொண்டராயிருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். அங்கே மரியாவின் சுரூபமோ, சூசையப்பரின் சுரூபமோ இல்லை. இருந்தவை அவ்வூரில் அன்றாடம் புழங்கிய பொருள்கள், அவ்வூர்க் கால்நடைகள், அவ்வூர் மக்கள், நடுவே நற்கருணை. அவ்வளவே.

பிரான்சிஸ் 1228ஆம் ஆண்டு புனிதராக உயர்த்தப்பட்டார். திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியின் வேண்டுகோளின்படி செலானோ நகர்த் தோமா என்ற துறவி அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். கிரேச்சியோ இரவை நாம் அறிவது அந்நூல் வழியாகவே. நாம் பொதுவாக மறந்துவிடும் செய்தி ஒன்றை அவர் இறுதியில் குறிப்பிடுகிறார். அத்தொட்டியில் இட்ட வைக்கோலை மக்கள் போற்றிப் பாதுகாத்தனராம். நோயுற்ற கால்நடைகளுக்கு அதை ஊட்டினராம். அவை நலம் பெற்றனவாம். பேறுகால வேதனையில் துடித்த பெண்களும் அதனால் ஆறுதல் பெற்றனராம். பின்னாளில் அவ்விடத்தில் பீடம் எழுப்பிக் கோவில் கட்டினர். முன்பு விலங்குகள் தீவனம் உண்ட இடத்தில், மாந்தர் இனி விண்ணக உணவை உண்பர் என்பது தோமாவின் விளக்கம்.

இதில் வியப்புகளை நம்புவதும் நம்பாததும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. ஆயினும் வரலாற்று நோக்கில் ஒன்று தெளிவு. முதல் குடிலில் கழிவு என்று ஒன்று இருந்ததில்லை. எருதும் கழுதையும் தத்தம் தொழுவத்துக்குத் திரும்பின. வைக்கோல் கால்நடைகளின் வயிற்றுக்குச் சென்றது. எரிந்த திரிகள் அன்றிரவே ஒளியாகிக் கரைந்தன.

பிரான்சிசின் உள்ளத்தில் கிறிஸ்து பிறப்பு விழா மனிதருக்கு மட்டும் உரிய விழாவன்று. தோமா எழுதிய இரண்டாம் வரலாறு இதற்குச் சான்று. பேரரசரைக் காண வாய்ப்புக் கிடைத்தால், இவ்விழா நாளில் சாலைகளில் தானியம் தூவச் சட்டம் இயற்றும்படி அவரிடம் கேட்கப்போவதாகப் பிரான்சிஸ் கூறுவாராம். பறவைகள், குறிப்பாக வானம்பாடிகள், வயிறார உண்ணவேண்டும் என்பதே காரணம். அந்நாளில் செல்வர் ஏழைகளுக்கு விருந்திட வேண்டும். எருதுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிட மிகுதியான தீவனம் கிடைக்கவேண்டும் என்றும் விரும்பினார். லூக்கா நற்செய்தியில் எருதோ கழுதையோ குறிக்கப்படவில்லை என்பதை நாம் அறிவோம். ஆண்டவரின் தொட்டியை அறிந்த எருதையும் கழுதையையும் பற்றி எசாயா முதல் அதிகாரத்தில் பேசுகிறார். திருச்சபையின் மரபு அவற்றைப் பாலனருகே கொணர்ந்து நிறுத்தியது. படைப்பு முழுவதும் மீட்பருக்காகக் காத்திருந்தது என்ற இறையியல் உண்மையை அவை வாய்பேசாமல் அறிவிக்கின்றன.

மண்ணிலிருந்து பிளாஸ்டிக் வரை

கிரேச்சியோவிற்குப் பின் குடில் வளர்ந்தது. 1290ஆம் ஆண்டையொட்டி, பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வந்த முதல் திருத்தந்தையான நான்காம் நிக்கோலாஸ் காலத்தில், அர்னோல்போ தி காம்பியோ என்ற சிற்பி உரோமையிலுள்ள தூய மரியன்னைப் பெருங்கோவிலுக்குப் பளிங்கில் குடில் உருவங்களைச் செதுக்கினார். பதினெட்டாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் குடில்கலை உச்சத்தை எட்டியது. அங்கு சுட்ட மண்ணால் தலையையும், கம்பியும் சணலும் கொண்டு உடலையும் அமைத்து, பட்டாடை உடுத்தினர். சந்தையும் உணவுக்கடையும் இசைக்குழுவும் அக்குடிலில் இடம்பெற்றன. இவை ஆடம்பரந்தான், எனினும் தலைமுறை தலைமுறையாகக் காத்து, ஒவ்வோர் ஆண்டும் வெளியே எடுக்கப்பட்ட ஆடம்பரம். ஒரு மாதத்தில் குப்பைக்குப் போகவில்லை.

பிரான்சு நாட்டுப் புரட்சியின்போது கோவில்கள் மூடப்பட்டன. நள்ளிரவுத் திருப்பலி நின்றது. அப்போது தென்பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் குடில் வீட்டுக்குள் புகுந்தது. மார்செய் நகரின் ஜான்லூயி லாஞெல் என்ற கலைஞர் உள்ளூர்க் களிமண்ணில் அச்சிட்டு, ஏழையும் வாங்கத்தக்க சின்னஞ்சிறு பொம்மைகளைச் செய்தார். ‘சிறு புனிதர்’ என்ற பொருளில் ‘சாந்தோன்’ என அவற்றை அழைத்தனர். மீனவரும் ஆயரும் மாவரைப்பவரும் அக்குடிலில் பாலனைக் காண வந்தனர். 1803ஆம் ஆண்டில் மார்செயில் தொடங்கிய இப்பொம்மைச் சந்தை இன்றும் கூடுகிறது. அப்பகுதி மக்கள் டிசம்பர் 4ஆம் நாள், புனித பார்பராவின் திருநாளன்று, தட்டுகளில் கோதுமை விதைத்து, முளைத்த பசும்பயிரைக் குடிலருகே வைப்பர். நம் வீடுகளிலும் கேழ்வரகையோ கம்பையோ நெல்லையோ தட்டில் முளைக்கவைத்துக் குடிலுக்குப் புல்வெளி அமைக்கும் வழக்கம் உண்டல்லவா? அதுவே பிளாஸ்டிக் புல்விரிப்பு வந்து விழுங்கிவிட்ட வழக்கமும் ஆகும்.

கிறிஸ்துமஸ் மரத்தின் கதையும் இதுவே. 1605ஆம் ஆண்டில் ஸ்டிராஸ்பூர்க் நகர் மக்கள் ஊசியிலை மரங்களை வீட்டுக்குள் நிறுத்தி, வண்ணத்தாள் ரோசாக்கள், ஆப்பிள்கள், அப்பங்கள், இனிப்புகள் ஆகியவற்றைத் தொங்கவிட்டனர் என்று பயணி ஒருவர் குறித்துள்ளார். அலங்காரத்தின் பெரும்பகுதி இறுதியில் குழந்தைகளின் வாய்க்குள் போனது. 1848ஆம் ஆண்டு இலண்டன் இதழ் ஒன்று விக்டோரியா அரசியின் குடும்பம் இம்மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படத்தை வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் மரம் பரவ அதுவும் ஒரு காரணம். 1882ஆம் ஆண்டில் எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்கிலுள்ள தம் வீட்டில் 80 மின்விளக்குகளால் மரத்தை ஒளிரச் செய்தார். முன்பு வெள்ளியில் செய்த பளபளப்பு இழைகள் இருபதாம் நூற்றாண்டில் ஈயத்தில் வந்தன. ஈயம் குழந்தைகளின் உடலுக்கு நஞ்சு. ஆகவே 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அவ்விழைகளின் உற்பத்தியை நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. ஈயத்தின் இடத்தில் பிளாஸ்டிக் வந்து அமர்ந்தது.

தெர்மோகோல் இவற்றுள் மிக இளையது. பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கை நுரைபோல் ஊதிச் செய்யப்படும் இப்பொருள், 1950களில்தான் உலகச் சந்தையில் கால்பதித்தது. அதன் கன அளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்று. எனவே எடையற்றது, விலை மலிவு, கத்திக்கு எளிதில் வளையும். ஆனால் மண் அதை உண்ணாது. புழுவும் பூஞ்சையும் அதை எளிதில் சிதைக்க மாட்டா. நொறுங்கி நொறுங்கி வாய்க்காலுக்கும் குளத்துக்கும் கடலுக்கும் செல்லும். எரித்தால் கரும்புகையும் நச்சு வாயுக்களும் எழும்.

இந்த ஆண்டுக் கணக்குகளை நாம் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. “காலங்காலமாய் வரும் வழக்கத்தை விடலாமா?” என்று நம் மக்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் எது காலங்காலமாய் வந்தது? தொட்டி, வைக்கோல், மண், திரி, திருப்பலி, ஏழைக்கு உணவு ஆகியவையே. தெர்மோகோல் பனிமலை நம் பாட்டனார் அறியாதது. பனியே பெய்யாத நம் ஊரில் அது எவ்வகை மரபு? அதைக் கைவிடுவதால் மரபு முறியவில்லை, மரபுக்குத் திரும்புகிறோம்.

திருச்சபையின் குரல்

1979ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சுற்றுச்சூழலைப் பேணுவோரின் பாதுகாவலராகப் புனித பிரான்சிசை அறிவித்தார். பிரான்சிசின் சபை ஒழுங்குகள் 1223ஆம் ஆண்டில் உறுதிபெற்றதும் இதே நவம்பர் 29ஆம் நாளில்தான். 1990ஆம் ஆண்டு உலக அமைதி நாள் செய்தி முழுவதையும் அவர் படைப்போடு கொள்ளும் அமைதிக்கே ஒதுக்கினார். சூழல் நெருக்கடி அறநெறி சார்ந்த சிக்கல் என்றார். 2008ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் காலத்தில் வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கக் கூரைமீது சூரிய ஒளித் தகடுகள் பொருத்தப்பட்டன. 2015ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கையொப்பமிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடல், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது, தேவைக்கு மட்டும் சமைப்பது, வேண்டாத விளக்கை அணைப்பது ஆகிய சிறு செயல்களையும் மேன்மையான அன்புச் செயல்களாக எண்ணுகிறது. அவரே 2019ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் கிரேச்சியோவுக்குச் சென்று, குடிலின் பொருளை விளக்கும் திருத்தூது மடலில் கையொப்பமிட்டார். வேறெங்கும் செய்யாமல், அந்த மலைச்சரிவுக்கே சென்று செய்தார்.

நாட்டின் சட்டமும் இவ்வழியில் நடந்துள்ளது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழக அரசு 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடை விதித்தது. 2022ஆம் ஆண்டு சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த நடுவண் அரசின் தடைப்பட்டியலில் அலங்காரத்துக்கான தெர்மோகோல் பெயர் சுட்டியே இடம்பெற்றுள்ளது. கிறிஸ்துமஸ் இரவில் பட்டாசு வெடிக்க 11.55 மணி முதல் 12.30 மணி வரை மட்டுமே நேரம் என உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்பளித்தது. நாம் வைக்கோலில் தூவினோமே, அத்தகைய பிளாஸ்டிக் ஜிகினாத் தூளின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தடை விதித்துள்ளது. சட்டத்துக்கு அஞ்சி ஒன்றை விடுவதினும் அன்பினால் விடுவது மேல். ஆயினும் கோவில் வளாகத்தில் சட்டம் மீறப்படுவது எவ்வகையிலும் அழகன்று.

பெத்தானியாவின் நறுமணம்

இங்கே ஒரு தடை எழும். “இறைவனுக்குச் செய்வதில் சிக்கனமா? பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த தைலத்தை ஆண்டவரின் காலடியில் ஊற்றியபோது, வீண்செலவு என்று முணுமுணுத்தவன் யூதாசு அல்லவா?” என்று பங்குப் பேரவைக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் நம்மைக் கேட்டார். அக்கேள்வி நம்மைச் சில நாள் சிந்திக்க வைத்தது.

யோவான் நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தோம். மரியா ஊற்றியது தன்னுடையதை. அதற்கான விலையை அவரே கொடுத்தார், மற்றெவர்மீதும் சுமத்தவில்லை. அத்தைலத்தின் நறுமணம் வீடு முழுவதையும் நிறைத்தது என்கிறார் நற்செய்தியாளர். நம் குடிலின் விலையை யார் கொடுத்தார்? கடையில் நாம் கொடுத்தது ஒரு பகுதியே. மறுபகுதியைப் புகையைச் சுவாசித்த தெருவும், அடைபட்ட வாய்க்காலும், வைக்கோல் கிடைக்காத பசுவும் கொடுத்தன. பெத்தானியாவில் வீட்டை நிறைத்தது நறுமணம். நாம் தெருவை நிறைத்தது கரும்புகை. தாராள உள்ளம் வேறு, பிறர் கணக்கில் செலவிடுவது வேறு. இதைக் கூறியபோது அப்பெரியவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்பு, “அப்படின்னா வைக்கோல் செலவு இந்த வருசம் என்னோடது சாமி” என்றார்.

இளைஞர்களை இணங்கவைப்பதுதான் கடினமாயிருந்தது. “பக்கத்து ஊர்க் கோவில்ல மலையே கட்டுறாங்க சாமி. நாம வெறும் வைக்கோல் வெச்சா சிரிப்பாங்க” என்றனர். அவர்கள் உழைப்பையும் ஆர்வத்தையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரே ஒரு விதியை மட்டும் முன்வைத்தோம்: மண்ணுக்கோ, மாட்டுக்கோ, அடுத்த ஆண்டுக்கோ திரும்பாத எதையும் குடிலில் வைப்பதில்லை. எப்படிச் செய்வது என்பதை அவர்களிடமே விட்டோம்.

அவர்கள் களிமண் குழம்பில் பழைய சாக்குகளை நனைத்து உலர்த்தி மலை எழுப்பினர். பனையோலையால் கூரை வேய்ந்தனர். கேழ்வரகு முளைக்கவைத்த தட்டுகள் வயல்வெளியாயின. உடைந்துபோன இரண்டு ஆயர் சுரூபங்களுக்குப் பதிலாக, மதுரையை அடுத்த விளாச்சேரியிலிருந்து மண்பொம்மைகள் வந்தன. கொலுப் பொம்மை செய்யும் கைகளே அங்கு குடில் பொம்மைகளையும் செய்கின்றன. மூங்கில் சிம்புகளைக் கட்டித் தாள் ஒட்டி நட்சத்திரம் செய்தனர். அதனுள் 40 வாட் குண்டு விளக்குக்குப் பதிலாக 5 வாட் எல்.இ.டி. விளக்கை இட்டனர். நாளொன்றுக்கு 12 மணி நேரமாக 30 நாள் எரித்தால் குண்டு விளக்குக்கு 14.4 யூனிட் மின்சாரம் வேண்டும், எல்.இ.டி.க்கு 1.8 யூனிட் போதும். ஒரு நட்சத்திரத்துக்கே இவ்வளவு என்றால், தெரு முழுவதற்கும் எவ்வளவு என்பதை இளைஞர்களே கணக்கிட்டு அறிவிப்புப் பலகையில் எழுதினர். அன்பியங்களுக்கிடையேயான குடில் போட்டியிலும் பிரம்மாண்டத்துக்கு மதிப்பெண் இல்லை என்று மாற்றினோம். நள்ளிரவுத் திருப்பலிக்குப்பின் தேநீர், பிளாஸ்டிக் பூச்சுள்ள குவளையில் அன்றி, வீடுகளிலிருந்து கொணர்ந்த எவர்சில்வர் குவளைகளில் வழங்கப்பட்டது. ஏழைகளுக்கான விருந்து வாழையிலையில் பரிமாறப்பட்டது.

எல்லாம் குறைவின்றி நடந்தது என்று சொல்லமாட்டோம். களிமண் மலையில் இரண்டிடங்களில் வெடிப்பு விழுந்தது. நட்சத்திரத்தின் தாள் மார்கழிப் பனியில் நனைந்து கிழிந்தது, மீண்டும் ஒட்டவேண்டியதாயிற்று. பக்கத்து ஊரார் சிலர் சிரித்ததும் உண்டு. ஆனால் குழந்தைகள் அக்குடிலை விட்டு நகரவில்லை. பனையோலையையும் வைக்கோலையும் மோந்து பார்த்தனர்; முளைவிட்ட கேழ்வரகைத் தடவிப் பார்த்தனர். பாலன் இயேசு நம் ஊரில் பிறந்ததைப்போல் இருந்தது. மனுவுருவாதல் என்று நாம் குருமடத்தில் பக்கம் பக்கமாகப் படித்த மறையுண்மை அதுவே அல்லவா? வார்த்தை மனிதராகி நம்மிடையே குடிகொண்டார். நம் மண்ணைத் தம் மண்ணாக ஏற்றார். அவர் ஏற்றுக்கொண்ட மண்ணை, அவர் பிறப்பின் பெயராலேயே நாம் பாழாக்குவது எங்ஙனம் பொருந்தும்?

திருக்காட்சிப் பெருவிழா முடிந்த மறுநாள் மீண்டும் குடில் பிரிக்கப்பட்டது. சாக்குகள் அலசப்பட்டன, களிமண் கோவில் தோட்டத்துக்குச் சென்றது. கேழ்வரகுப் பயிரை ஆடு வைத்திருப்போர் எடுத்துச் சென்றனர். கோவிலின் பின்புறத்தில் எரிப்பதற்கு ஒன்றும் இல்லை. உபதேசியாரை அனுப்பி அந்த மூதாட்டியை அழைத்தோம். அவர் வந்து வைக்கோலைக் கையிலெடுத்துப் பார்த்தார். “இந்தத் தடவ சாயம் இல்லையே சாமி?” என்று கேட்டார். “இல்லம்மா, வெறும் வைக்கோல்தான்” என்றோம். அவர் ஒரு கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டார்; மீதியை அத்தெருவில் மாடு வைத்திருக்கும் மற்ற வீடுகளுக்கும் கொடுக்கச் சொன்னார். அவ்வீடுகளுள் இரண்டு கிறிஸ்தவ வீடுகள் அல்ல.

வரும் திருவருகைக் காலத்தில் உங்கள் இல்லங்களிலும் பங்குகளிலும் குடில் எழும். அதை எழுப்பும்போதே ஒரு கேள்வியையும் எழுப்புங்கள்: விழா முடிந்தபின் இப்பொருள் எங்கே போகும்? விடை தெளிவாயிருந்தால் அதைக் குடிலில் வையுங்கள். தொட்டியில் கிடந்த பாலன் நம் வீடுகளையும், நம் தெருக்களையும், நம் தொழுவங்களையும் ஆசீர்வதிப்பாராக.